பட்டாசுக்கு மிரளும் நாயும் பூனையும்: அறிகுறி பார்த்து என்ன செய்வது

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே தெருமுனையில் யாராவது ஒரு பையன் ஒற்றை லட்சுமி வெடியைக் கொளுத்திப் பார்ப்பான். அந்த நேரம் உங்கள் நாயைக் கவனியுங்கள். காது நிமிர்ந்து, உங்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டால் பெரிய கவலை இல்லை. எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்தால் அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். தீபாவளி விடியற்காலையில் ஆரம்பித்தால் பாதிதான் பலிக்கும்.

நமக்குக் கேட்கும் அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாய்க்கு அது 45,000 வரை போகும், பூனைக்கு 60,000-ஐயும் தாண்டும். ராக்கெட் கிளம்பும்போது வரும் சீழ்க்கை நம் காதில் விழுவது போலத்தான் அவற்றின் காதிலும் விழும் என்று நினைக்க முடியாது. நம் நாட்டு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்கு உட்பட்ட வெடியே மனிதர் காதையும் வலிக்கவைக்கும்.

தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 மணியிலிருந்து 7 வரை, இரவு 7 மணியிலிருந்து 8 வரை என்று அரசு நேரம் குறித்துவருகிறது. நடைமுறை உங்களுக்கே தெரியும். எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு 4 மணிக்கே முதல் சரம் வெடிக்கும். ஆகவே கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் கடிகாரத்தை முந்தின நாள் இரவிலிருந்து எண்ணுங்கள். முந்தின நாள் மாலையே வெகுநேரம் நடக்கவிட்டு, தெருவில் வெடி தொடங்குவதற்கு முன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுங்கள். தீபாவளியன்று வெளியே கூட்டிப்போக மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஊரே அசந்து தூங்கும் நேரம்தான் தோது.

நடுங்குகிறது, மூச்சிரைக்கிறது, ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது

எல்லாரும் முதலில் பார்ப்பது இதைத்தான். நாக்கைத் தொங்கப்போட்டு, எச்சில் ஒழுக, கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருக்கும். வாலை இடுக்கிக்கொள்ளும். கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும்.

அது எந்த இடத்தைத் தேடிப் போகிறது என்று பாருங்கள். அந்த இடத்தையே அதற்குக் கொடுங்கள். நம்மில் பலர் தடுமாறுவது இங்கேதான். பெரிய மெத்தை வாங்கிக் கூடத்தில் போட்டிருப்போம், அது குளியலறைக்குள் போய்க் கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் சுருண்டிருக்கும். "சீ, வெளியே வா" என்று காலரைப் பிடித்து இழுப்போம். அது அறிவோடுதான் போயிருக்கிறது. குளியலறைக்குத் தெருப்பக்கம் பெரிய ஜன்னல் கிடையாது, சுவர் நெருக்கம், தரை குளிர்ச்சி. ஒரு பழைய சாக்கையோ மிதியடியையோ போட்டு, தண்ணீர்க் கிண்ணம் வைத்து, கதவைத் திறந்தே விடுங்கள். பினாயில், ஆசிட் பாட்டில்களை மட்டும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்படி இடம் எதையும் தேடாத நாய்க்கு, வீட்டின் நடுவில் இருக்கும் அறையை ஒழித்துக் கொடுங்கள். ஜன்னலைச் சாத்தி, கனமான ஜமக்காளத்தையோ போர்வையையோ திரையாகக் கட்டுங்கள். விளக்கைப் போட்டே வையுங்கள். இருட்டில்தான் வெளிச்சம் பளீரென்று வெட்டும். மின்விசிறியை வேகமாக வைத்து, கூடவே ஒரு மேசை விசிறியையும் ஓடவிடுங்கள். ஒரே சீராக வரும் அந்த இரைச்சல் வெளிச் சத்தத்தின் கூர்மையை மழுக்கும். டிவி வைப்பதானால் சண்டைப் படம் வேண்டாம்.

அடுத்தது தின்பண்டம். ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் பின்னால் ஒரு வாய் சுவையான தீனி. அவித்த கோழித் துண்டு, முட்டை, பன்னீர், எது உயிரோ அது. சத்தம் முதலில், தீனி பிறகு என்ற வரிசை மாறக் கூடாது. தீனியை நீட்டியபின் வெடித்தால், தீனியைக் கண்டாலே பயப்படப் பழகிவிடும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டெஃபனி ரீமர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நாய் வளர்ப்போர் பலரிடம் கேட்டுப் பார்த்தபோது, அதிகப் பேருக்குப் பலன் தந்த வழிகளில் இதுவும் ஒன்றாக இருந்தது. நான் பார்த்த மட்டில் ஒரு நிபந்தனை உண்டு. தின்னும் அளவுக்காவது அதற்கு நிதானம் இருக்க வேண்டும். கோழியை மூக்கருகில் வைத்தும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றால் பயம் எல்லை தாண்டிவிட்டது. தீனியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

"தடவிக் கொடுக்காதே, பயம் கூடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். 'உட்கார்' என்று சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வதைப் போல் கற்கிற சமாச்சாரம் இல்லை பயம். அன்பு காட்டினால் அது வளராது. அது உங்கள் மடியைத் தேடி வந்தால் மடியைக் கொடுங்கள். கழுத்திலிருந்து முதுகு வரை மெதுவாக, அழுத்தமாகத் தடவுங்கள். விலகிப் போனால் விட்டுவிடுங்கள். உங்கள் பதற்றம்தான் அதற்கு ஒட்டிக்கொள்ளும், ஆகவே நிதானமான குரலில் பேசுங்கள். காதில் பஞ்சு வைக்காதீர்கள். தலையை உதறி உள்ளே தள்ளிக்கொள்ளும், பிறகு எடுப்பது பாடு.

மூச்சிரைப்பை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஜன்னலெல்லாம் சாத்திய அறையில் இரண்டு மணி நேரம் மூச்சிரைத்தால் அது கூடிக்கொண்டே போகும். பக் மாதிரி சப்பை மூக்கு இனங்களுக்கும், வயதான, குண்டான நாய்களுக்கும் இது உண்மையாகவே உயிர் ஆபத்து. ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தால் சரி. செங்கல் நிறமாகவோ நீலம் பூத்தோ இருந்தால், நடை தள்ளாடினால், அல்லது வெப்பம் 104-ஐத் தாண்டினால் வயிற்றையும் பாதங்களையும் குழாய்த் தண்ணீரால் நனைத்து, விசிறிக் காற்றில் வைத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

சத்தமே போடவில்லை, அசையாமல் கிடக்கிறது

"எங்க டாமிக்குப் பயமே இல்லை, பாருங்க எப்படி சமர்த்தா படுத்திருக்கான்" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வால் அசைகிறதா? நிம்மதியாகப் படுத்த நாயின் உடம்பு தளர்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். உறைந்துபோன நாய், நான்கு காலையும் உடம்புக்கு அடியில் மடக்கி, காதைப் பின்னுக்கு ஒட்டி, ஓரிடத்தையே வெறித்துக்கொண்டிருக்கும். அடிக்கடி உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். தொட்டுப் பார்த்தால் தொடைச் சதை கல் மாதிரி இருக்கும். இதற்கும் மேலே சொன்ன அதே கவனிப்பு வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. தூய வெள்ளை ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அவற்றுக்குச் சத்தம் தொல்லை இல்லை. ஆனால் திடீர் வெளிச்சமும், தரை அதிர்வும், கந்தகப் புகையும் மிரட்டும். பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கவ்விவிடும். கண்ணில் படும்படி முன்னால் வந்து தொடுங்கள்.

வாசலைப் பார்த்தே நிற்கிறது, கதவைப் பிறாண்டுகிறது, ஓடிவிட்டது

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய பயம் இதுதான். சத்தத்தில் நேரே செத்துப்போகும் நாய்கள் குறைவு. திறந்த கேட் வழியே ஓடி வண்டியில் அடிபடுவதும், வழி தெரியாமல் தொலைவதும்தான் அதிகம்.

தீபாவளி விடியற்காலை வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தர் கோலம் போடுவார், ஒருத்தர் வெடிக்குப் போவார், பக்கத்து வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வரும். கேட் நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும். அன்றைக்கு மட்டும் கேட்டுக்கு ஒரே ஒரு பொறுப்பாளரை வையுங்கள். நாய் இருக்கும் அறைக் கதவு, வாசல் கதவு, கேட் என்ற மூன்றில் எப்போதும் இரண்டு மூடியிருக்க வேண்டும். மொட்டை மாடிக் கதவைப் பூட்டுங்கள். வெருண்ட நாய்க்கு உயரம் தெரியாது, கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிடும். சங்கிலியில் கட்டிப்போடுவதும் வேண்டாம். இழுத்து, சுற்றி, கழுத்தை இறுக்கிக்கொள்ளும். வெளியே கூட்டிப்போனால் கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். பின்னுக்கு நகர்ந்து தலையை உருவிக்கொள்வது நாய்க்கு ஒரு நொடி வேலை. பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை அழியாத மையில் எழுதித் தையுங்கள். தோலுக்கு அடியில் அடையாள மைக்ரோசிப் போட்டிருந்தால் அதற்கான பதிவில் இருப்பது இப்போதைய எண்தானா என்று முந்தின வாரமே பாருங்கள். நாயின் தெளிவான படம் ஒன்று கைபேசியில் இருக்கட்டும்.

எங்கள் மணி சிப்பிப்பாறைக் கலப்பு. ஐந்தடி மதிலைத் தொட்டும் தொடாமலும் தாண்டிப் போனாள், விடியற்காலை நாலரைக்கு, ஆயிரம் வாலா ஒன்று ஓயும் முன்பே. நாங்கள் நான்கு பேர் நான்கு பக்கமும் "மணி, மணி" என்று கத்திக்கொண்டே ஓடினோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. மறுநாள் இரவு, மூன்று தெரு தள்ளி, நிறுத்தியிருந்த லோடு ஆட்டோவுக்கு அடியில் இரண்டு கண் பளபளத்தன. பெயரைச் சொன்னேன், இன்னும் பின்னால் போனாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, என்னையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பேசவில்லை. சட்டைப்பையில் இருந்த பிஸ்கட் உறையைக் கசக்கினேன், அவள் தினமும் கேட்கிற சத்தம் அது. வெகுநேரம் கழித்து ஈரமான மூக்கு ஒன்று என் முழங்கையைத் தொட்டது. அப்போதும் நான் பாய்ந்து பிடிக்கவில்லை. அவளாக மடியில் தலையை வைத்தபின்தான் பட்டைக்குள் விரலை நுழைத்தேன்.

ஆகவே, ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். கூட்டமாகத் தேடாதீர்கள். வெடிச் சத்தம் ஓய்ந்த பின், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில், ஒருவரோ இருவரோ டார்ச்சோடு போங்கள். நின்ற வண்டிகளுக்கு அடி, கட்டி முடிக்காத வீடு, சாக்கடைக் கல்லுக்கு அடி, முட்புதர் என்று பக்கத்துத் தெருக்களிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் உடுத்திக் கழற்றிய துவைக்காத துணியையும் தண்ணீரையும் வாசலில் வைத்து, கேட்டைத் திறந்து விடுங்கள். பல நாய்கள் தெரு அடங்கியதும் தாமாகவே திரும்பும். பால்காரர், பேப்பர் போடுபவர், தூய்மைப் பணியாளர்கள், இந்த மூவரிடமும் படத்தைக் காட்டுங்கள். விடியற்காலைத் தெருவை அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை.

உறுமுகிறது, கடிக்க வருகிறது, அல்லது வெடியைக் கவ்வ ஓடுகிறது

ஒளிந்திருக்கும் நாயைக் குழந்தைகள் எட்டிப் பார்ப்பதும், கையை விட்டு இழுப்பதும் கடியில் முடியும். உறுமலுக்குத் திட்டாதீர்கள். 'கிட்டே வராதே' என்று சொல்ல அதற்கு இருக்கும் ஒரே வழி அது. இரண்டு நாய் இருந்தால் அன்றைக்கு அறையைப் பிரித்து வையுங்கள், பயத்தில் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். லாப்ரடார் மாதிரி பொருள் பொறுக்கிப் பழகிய நாய்கள், புகைகிற புஸ்வாணத்தையும் சங்குசக்கரத்தையும் பந்து என்று நினைத்துப் பாயும். அவற்றுக்குப் பயம் இல்லாததே ஆபத்து. வெடிக்கிற இடத்துக்குக் கூட்டிவரவே கூடாது.

பூனையைக் காணோம்

பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும். பரண், பீரோவுக்கும் சுவருக்கும் இடுக்கு, கட்டிலின் பெட்டி அறை, துவைக்கும் இயந்திரத்தின் உள்தொட்டி. அந்த நாட்களில் இயந்திரத்தைப் போடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டைத் தட்டுங்கள். கண்டுபிடித்துவிட்டால் அங்கேயே விடுங்கள். நல்லதாக ஓர் அட்டைப் பெட்டியை உயரமான இடத்தில் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், அடுத்த தடவை அதையே தேடிப் போகும்.

பூனையிடம் கவனிக்க வேண்டியது சிறுநீர். மணல் தட்டை ஒளிந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஆண் பூனை மண்ணில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் பாதை அடைத்திருக்கலாம். பதற்றம் அதைத் தூண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உயிர் போகும். முழுசாக ஒரு நாள் எதையும் தின்னாத பூனையையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எதுவுமே பலிக்கவில்லை, மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம். போன வருடம் கதவைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட நாய்க்கு மருந்து கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மருந்தை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும், அதுவும் ஒரு வாரமாவது முன்பு. டிராசோடோன், கேபாபென்டின், அல்பிரசோலம் போன்றவற்றை எடை, வயது, ஈரல் நிலை பார்த்து எழுதுவார்கள். சாதாரண நாள் ஒன்றில் ஒருமுறை கொடுத்துப் பார்த்து, எப்படி ஒத்துக்கொள்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். சிலவற்றைச் சத்தம் தொடங்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். 4 மணி வெடிக்கு 2 மணிக்கு அலாரம் வைக்க வேண்டியிருக்கும், இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். திரவ மருந்து என்றால் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். நாய்க்கு அது விஷம்.

முன்னொரு வருடம், ஒரு மருந்துக் கடையில் "நல்லா தூங்கும்" என்று சொல்லிக் கொடுத்த சிரப்பை நம்பி எங்கள் பழைய நாய்க்குக் கொடுத்தோம். உடம்பு துவண்டுவிட்டது, கண் மட்டும் ஒவ்வொரு வெடிக்கும் சுழன்றது. ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் அது கிடந்த கிடை இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. அசிப்ரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைத் தனியாகக் கொடுத்தாலும் இதேதான் நடக்கும், உடம்பு அடங்கும், பயம் அடங்காது. பழக்கத்தில் யாராவது அதை எழுதினால் வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். காய்ச்சல் மாத்திரை பாராசிட்டமால் பூனைக்கு அரை மாத்திரையே எமன்.

தீக்காயம், வெடியைத் தின்றுவிட்டது

சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை பத்து முதல் இருபது நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். மஞ்சள், பேனா மை, பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான ஈரத்துணியால் மூடிக் கூட்டிப் போங்கள். கண்ணில் பட்டிருந்தால் தேய்க்கவிடாமல் பிடித்துக்கொண்டு கழுவுங்கள்.

வெடியைத் தின்றிருந்தால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். தின்ற வெடியின் உறையைக் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி. வாந்தி, இரத்தம் கலந்த பேதி, தசை துவளல், மூச்சு மேலோட்டமாதல் ஆகியவை கெட்ட அறிகுறிகள். சில பட்டாசுகளில் உள்ள பேரியம் உப்பு இரத்தத்தின் பொட்டாசியத்தை இறக்கித் தசையைச் செயலிழக்கவைக்கும். பலகாரத் தட்டும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். லட்டில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் ஆகாது.

அன்றைக்குத் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்து வையுங்கள். உங்கள் வழக்கமான மருத்துவரும் ஊருக்குப் போயிருப்பார்.

தெரு நாய் படிக்கட்டுக்கு அடியில் வந்து படுத்திருக்கிறது

இருக்கட்டும். ஒரு சாக்கும் தண்ணீரும் வைத்தால் போதும், விடிந்ததும் தன் தெருவுக்குப் போய்விடும். வாசலில் வைத்த தண்ணீரில் வெடிமருந்துத் தூள் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வாலில் சரம் கட்டும் பையன்களைக் கண்டால் நிறுத்துங்கள், 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல்லாண்டுகளாக ஊரே வெடி வெடிப்பதில்லை. ஓர் ஊருக்கே முடிந்தது, நம் தெருவில் இரவு 8 மணிக்கு மேல் மட்டுமாவது வேண்டாம் என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. நான் ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். இரண்டு வீடுகள் கேட்டுக்கொள்கின்றன.

எல்லாம் முடிந்தும் இன்னும் பழையபடி ஆகவில்லை

இரண்டு மூன்று நாள் வெளியே வரத் தயங்குவதும், குறைவாகச் சாப்பிடுவதும் இயல்பு. வெடிக் குப்பை வாரும்வரை வேறு தெருவில் நடக்கவிடுங்கள், வெடிக்காத திரிகள் அதில் கிடக்கும். ஒரு வாரமாகியும் கதவுச் சத்தத்துக்கும் குக்கர் விசிலுக்கும்கூடத் துள்ளினால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டு வலி, காது வலி இருக்கும் நாய்க்குச் சத்தம் இன்னும் தாங்காது. வலியைக் கவனித்தால் பயமும் குறைவதுண்டு.

பிறகு, கார்த்திகையும் தை மாதமும் போனதும் பழக்கத்தை ஆரம்பியுங்கள். பட்டாசுச் சத்தத்தின் பதிவைக் கைபேசியில், உங்களுக்கே கேட்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத் தணித்து ஓடவிடுங்கள். ஒரு சத்தம், ஒரு வாய் தீனி. ஐந்து நிமிடம் போதும். காது கூட அசையாமல் தின்றால் சில நாள் கழித்து ஒரு படி ஏற்றுங்கள். கொஞ்சம் திடுக்கிட்டாலும் இரண்டு படி இறங்குங்கள். மாதக்கணக்கில் ஆகும். ஊரில் கல்யாணம், கட்சி ஊர்வலம், சாவு வெடி என்று நடுவில் எதுவாவது வந்து பழக்கத்தைக் கலைக்கும், அதற்காகவே சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் தீனி இருக்கட்டும். மணிக்கு இது மூன்றாவது வருடம். போன தீபாவளிக்கு முதல் வெடி கேட்டதும் குளியலறைக்கு ஓடினாள். இரண்டாவது வெடிக்குத் தலையை மட்டும் வெளியே நீட்டி, என் சட்டைப்பையைப் பார்த்தாள்.